கடல் கடந்த கலங்கள் – 17: மகரத்தின் வாய்

சென்ற இதழில், ஜூனாகட் விவகாரம் முற்றியிருந்த 1947 அக்டோபர் மாதத்தில், காவேரி, கிருஷ்ணா, ஜம்னா என்று நதிகளின் பெயர் தாங்கிய மூன்று போர்க்கப்பல்கள் போர்பந்தர் கரைக்குச் சென்று, தட்டையடிப் படகுகளின் துணையோடு நம் படையினரை இறக்கிய வரலாற்றைப் பார்த்தோம். சுதந்திரம் பெற்று இரண்டு மாதங்கூட நிறையாத ஒரு தேசத்தின் கடற்படைக்கு அது பெருமை தரும் காரியமே. ஆயினும், ஆழ்கடலைக் கடந்து சென்று, துறைமுகமோ மேடையோ பாரந்தூக்கியோ இல்லாத வெறும் மணற்கரையில் மூக்கை ஊன்றி நின்று, டாங்கிகளையும் லாரிகளையும் தன் வயிற்றிலிருந்து நேரே கரையில் இறக்கிவிட்டு, பிறகு தானே பின்வாங்கிக் கடலுக்குத் திரும்பவல்ல பெரிய கப்பல் ஒன்றேனும் அன்று நம்மிடம் இருக்கவில்லை. 1949-இல் அப்படியொரு கப்பல் வந்து சேர்ந்தது. பிரிட்டனில் யுத்தகாலத்தில் கட்டப்பட்ட அந்தக் கப்பலுக்கு நம்மவர் இட்ட பெயர் மகர்.

திருவண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு கப்பல்களைப் பற்றி எழுதுவானேன் என்று சில அன்பர்கள் என்னைக் கேட்டதுண்டு. இங்கிருந்து கடலைப் பார்க்கவேண்டுமானால் புதுச்சேரிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் போகவேண்டும் என்பது உண்மைதான். ஆனால் பழைய வடஆர்க்காடு ஜில்லா பட்டாளத்துக்கு ஆள் கொடுப்பதில் பெயர்பெற்ற ஜில்லா. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் சென்றவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த மலையைச் சுற்றியுள்ள கிராமங்களில் இன்றும் வாழ்கிறார்கள். அவர்களுடைய தாத்தாமார்கள் வீட்டைவிட்டுப் போனதும், பிழைத்திருந்தால் திரும்பி வந்ததும் கப்பலில்தான். தவிர, மகர் என்ற பெயரின் பொருளை அறிவதற்கு வடக்கே போகவேண்டியதில்லை. நம் கோயிலுக்குள் போனாலே போதும்.

உற்சவமூர்த்திக்குப் பின்னே வளைந்து நிற்கும் திருவாசியைச் சற்றே குனிந்து அதன் அடிப்பாகத்தில் பாருங்கள். தீச்சுடர்கள் விளிம்பு கட்டிய அந்த வளைவு, இரு பக்கத்திலும் வாய் பிளந்து நிற்கும் ஒரு பிராணியின் வாயிலிருந்தே கிளம்புகிறது. அதற்கு முதலையின் தாடை, யானையின் துதிக்கை போன்ற மூக்கு, மயிலின் தோகையோ கொடியின் சுருளோ என்று ஐயுறத்தக்க வால். இதுவே மகரம். கல்லில் செதுக்கிய மகர தோரணங்களில் அந்த வாயிலிருந்து யாளிகளும் வீரர்களும் பூதகணங்களும் ஒருவர்பின் ஒருவராக வெளிப்பட்டு வருவதைக் காணலாம். முகப்பில் இரண்டு பெருங்கதவுகள் இருபுறமும் அகலத் திறக்க, உள்ளிருந்து படையும் வாகனமும் வரிசையாக வெளிவரும் ஒரு கப்பலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை யாராலும் சூட்டியிருக்க முடியாது என்பது என் துணிபு.

இவ்வகைக் கப்பல் பிறந்தது ஒரு தோல்வியின் வயிற்றில். 1940-இல் டன்கர்க் கரையிலிருந்து பிரிட்டிஷ் சைன்யம் ஆட்களை மட்டும் மீட்டுக்கொண்டு, டாங்கிகளையும் பீரங்கிகளையும் அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பியபோது, ஐரோப்பாவுக்குள் மறுபடியும் நுழைய வேண்டுமானால் கனரக ஆயுதங்களைத் துறைமுகம் இல்லாமலே கரையேற்றும் உபாயம் வேண்டும் என்று சர்ச்சில் வற்புறுத்தத் தொடங்கினார். அதற்கு உடனடியாகக் கிடைத்தவை, வெனிசுவேலா நாட்டு மரக்கைபோ ஏரியின் வாயிலில் உள்ள மணல்திட்டைத் தாண்டுவதற்காக ஆழங்குறைந்த அடிப்பாகத்துடன் கட்டப்பட்டிருந்த எண்ணெய்க் கப்பல்கள். மிசோவா, தசஹேரா, பச்சக்வேரோ என்ற மூன்றையும் பிடித்து, முகப்பை அறுத்துக் கதவு வைத்தார்கள். 1942 மே மாதத்தில் மடகாஸ்கரின் தியேகோ சுவாரெஸ் துறைமுகத்தைக் கைப்பற்றிய படையெடுப்பில் பச்சக்வேரோ பங்குகொண்டது. கையில் கிடைத்ததைக்கொண்டு காரியம் பார்த்த வகை அது.

ஆனால் கப்பல் சாஸ்திரத்தின்படி பார்த்தால், இப்படியொரு கலத்தைக் கட்டுவது ஒன்றுக்கொன்று முரணான இரண்டு குணங்களை ஓருடலில் வைப்பதாகும். சமுத்திரத்தைக் கடக்கும் கப்பல் நீருக்குள் ஆழமாக அமிழ்ந்திருந்தால்தான் அலைக்கு அசையாமல் நிற்கும். கரையேறும் கப்பலோ நீரின் மேல் மிதப்பாக இருந்தால்தான் மணலை எட்டும். 1941 நவம்பரில் இந்தப் பிரச்னை அமெரிக்கக் கடற்படையின் கப்பல் வடிவமைப்பாளர் ஜான் நீடர்மெய்ர் என்பவரின் மேஜைக்கு வந்தது. அவர் சில மணி நேரத்திலேயே ஒரு வரைபடம் தீட்டிவிட்டார். நீர்மூழ்கிக் கப்பல் தன் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பி மூழ்குவதையும், அதை வெளியேற்றி மேலெழுவதையும் அவர் நினைத்துக்கொண்டார். நடுக்கடலில் அடிவயிற்றுத் தொட்டிகளில் நீரை நிரப்பிக்கொள், கரை நெருங்கியதும் அதை இறைத்துவிடு என்ற அந்த ஒரே யோசனையில் முரண்பாடு தீர்ந்தது. முகப்பு மேலெழும்பியும் பின்பாகம் தாழ்ந்தும், கடற்கரையின் சரிவுக்கு இசைவாகவே கப்பலின் அடியும் சரிந்து அமையும். 328 அடி நீளமும் 50 அடி அகலமும் கொண்ட அந்தக் கப்பலின் வேகம் மணிக்குச் சுமார் 11 கடல் மைல்தான். அதில் வேலை பார்த்த மாலுமிகள், பகைவனுக்கு வாகான பெரிய மந்தமான குறி என்று அதற்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். ஆனாலும் அமெரிக்காவில் கட்டப்பட்ட 1,051 கப்பல்களில் எதிரியின் தாக்குதலால் அழிந்தவை 26 மட்டுமே.

இவற்றில் பெரும்பகுதி கடலோரத்தில் கட்டப்பட்டவை அல்ல என்பதை அறிந்தபோது, மலையடிவாரத்தில் இருப்பவனாகிய எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க வேண்டியதில்லை. கடலோரத் தளங்களெல்லாம் விமானந்தாங்கிகளுக்கும் நாசகாரிகளுக்கும் ஒதுக்கப்பட்டுவிட்டபடியால், உள்நாட்டில் ஆற்றங்கரையில் பாலம் கட்டிக்கொண்டிருந்த கம்பெனிகளிடமும் இரும்புப் பட்டறைகளிடமும் வேலை ஒப்படைக்கப்பட்டது. ஒஹையோ நதிக்கரையில் சோளவயல்களுக்கு நடுவேயுள்ள எவன்ஸ்வில் என்ற ஊரில் மட்டும் 167 கப்பல்கள் உருவாயின. அதுவரை கலப்பையும் குளிர்சாதனப் பெட்டியும் பார்த்துப் பழகிய ஆண்களும் பெண்களும் இரும்புத் தகடு பற்றவைக்கக் கற்றுக்கொண்டு, தாங்கள் ஆயுளில் பார்த்திராத சமுத்திரத்துக்காகக் கலம் செய்தார்கள். செய்த கலங்கள் ஒஹையோ, மிஸிஸிப்பி நதிகளின் வழியே ஆயிரம் மைலுக்கு மேல் மிதந்துபோய் நியூ ஆர்லியன்ஸில் கடலைக் கண்டன.

கரையேறுவதை விளக்க வேண்டுமானால் நம் ஊர் மகாரதத்தையே உவமை சொல்லலாம். கார்த்திகை தீப உற்சவத்தின் ஏழாம் நாள், இரும்புச் சங்கிலியை ஆயிரக்கணக்கானோர் பற்றி இழுக்க மாடவீதியில் அசைந்து வரும் அந்தத் தேரை நகர்த்துவதைவிட, நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்துவதே பெரிய வித்தை என்பதை, சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டையுடன் ஓடும் மனிதரைக் கவனித்தவர்கள் அறிவார்கள். ஒரு சாண் முன்னே போனாலும் அபாயம், ஒரு சாண் பின்னே நின்றாலும் அபாயம். தரையிறக்கு கப்பலின் தலைவனுக்கும் அதே பொறுப்பு. கரைக்குச் சில நூறு அடி தூரம் இருக்கும்போதே கப்பலின் பின்புறத்தில் தொங்கும் நங்கூரத்தைக் கடலில் விட்டுவிடுவார்கள். கப்பல் முன்னேற முன்னேற அதன் கம்பிவடம் பின்னால் அவிழ்ந்துகொண்டே வரும். அடிப்பாகம் மணலில் உரசும் சப்தம் இரும்பின் வழியே மேல்தளம்வரை கேட்கும், பிறகு ஓர் அதிர்வு, கப்பல் நின்றுவிடும். முகப்புக் கதவுகள் பிளந்து, உள்ளிருந்து சரிவுப்பாலம் சங்கிலியில் இறங்கிக் கரையைத் தொடும். டாங்கித் தளத்தில் வெகுநேரமாக ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின்களின் புகையைப் பெரிய மின்விசிறிகள் வெளியே தள்ள, முதல் வண்டி வெளிச்சத்துக்கு வரும். எல்லாம் இறங்கியபின், எடை குறைந்த கப்பல் தான் முன்பே பின்னால் விட்டுவந்த நங்கூரத்தின் வடத்தை இயந்திரத்தால் சுற்றி இழுத்துத் தன்னைத்தானே பின்னுக்கு மீட்டுக்கொள்ளும். தேருக்கு வடம் முன்னே. இந்தக் கலத்துக்கோ அது பின்னே.

அமெரிக்கா கட்டித்தந்த கப்பல்கள் போதாதபடியால் 1943-இன் இறுதியில் பிரிட்டன் தானே மூன்றாம் வகையொன்றைக் கட்ட முனைந்தது. பிரிட்டனில் 45, கனடாவில் 35 என்பது உத்தேசம். யுத்தம் முடிந்துவிட்டதால் அத்தனையும் நிறைவேறவில்லை. டீசல் எஞ்சின்களுக்கு நாட்டில் பஞ்சம். எனவே சிறு போர்க்கப்பல்களுக்குச் செய்துவந்த நீராவி எஞ்சின்களையே பொருத்தினார்கள். பற்றவைக்கும் தொழிலில் கைதேர்ந்தவர்கள் போதாமையால் பெருமளவுக்கு ஆணியறைந்தே தகடுகளை இணைத்தார்கள். விளைவாக இந்தக் கப்பல் அமெரிக்கக் கப்பலைவிடக் கனத்தது, நீளம் 345 அடிக்கு வளர்ந்தது. ஆனால் வேகமும் 13 கடல் மைலாக உயர்ந்தது. கனம் கூடியதற்கு விலை உண்டு. முன்னைய வகை எட்டிப்பிடித்த தட்டையான கரைகளில் இது சற்றுத் தொலைவிலேயே தட்டி நின்றுவிடும்.

இவ்வகையில் 3011 என்ற எண்ணுடைய கப்பல், பெல்ஃபாஸ்ட் நகரில், டைட்டானிக்கைக் கட்டிய அதே ஹார்லண்ட் அண்டு வுல்ஃப் தளத்தில் 1945-இல் நீரில் இறக்கப்பட்டது. அந்நாளில் இக்கப்பல்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். 1947-இல் அவெஞ்சர், அதாவது பழிவாங்குவோன், என்ற பெயர் அதற்கு இடப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் அது நம் நாட்டுக்கு மாறி மகர் ஆயிற்று.

இங்கே ஒரு நிமிஷம் நின்று, இந்தக் கப்பல்களை எதிர்பார்த்து நம் பக்கத்தில் நடந்ததையும் சொல்லவேண்டும். ஜப்பானியரிடமிருந்து மலேயாவை மீட்க மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் வகுத்திருந்த திட்டத்தின்படி, சென்னை உள்ளிட்ட இந்தியத் துறைமுகங்களிலிருந்து படைகள் கப்பலேறின. அதற்குள் ஆகஸ்டு மாதத்தில் ஜப்பான் சரணடைந்துவிட்டது. ஆனாலும் ஏற்பாடு நிற்கவில்லை. 1945 செப்டம்பர் 9-ஆம் தேதி சிலாங்கூரில் மோரிப் கரையில் படைகள் இறங்கின. சுடுவதற்கு எதிரி இல்லாத அந்தக் கரையில் மணலே எதிரியாயிற்று. மேலே கெட்டியாகத் தோன்றிய மணலுக்கடியில் சேறு. இறங்கிய வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புதைந்து, ஏறிவந்த அலையில் மூழ்கின. ஜப்பானியர் அங்கே காத்திருந்து சுட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப்பார்க்கவே மனம் அஞ்சுகிறது. அந்தப் படைகளில் இந்தியர்களே மிகுதி. கரைக்குள்ளே தோட்டங்களில், சயாம் மரண ரயில்பாதைக்குக் கணவனையும் மகனையும் பறிகொடுத்த தமிழ்க் குடும்பங்கள் விடுதலைக்காகக் காத்துக்கொண்டிருந்தன என்பதையும் நாம் மறக்கலாகாது.

சேவையில் சேர்ந்த 1949 முதல் 1966 வரை, இவ்வகையில் நம் கடற்படையிடம் இருந்த பெரிய கப்பல் மகர் ஒன்றே. போர்க்களப் புகழ் என்று அதன் பெயரில் எழுத அதிகமில்லை. நாட்டின் இரு கரைகளிலும் மணலில் ஏறி இறங்கப் படையினரும் மாலுமிகளும் பழகியது இதன்மேல்தான். அந்தமான் நிகோபார் போன்ற, மேடையில்லாத தீவுகள் பல உள்ள நாட்டுக்கு இத்தகைய கப்பலின் அவசியத்தை விளக்கவும் வேண்டியதில்லை. துப்பாக்கி வெடித்ததை மட்டுமே சரித்திரம் என்று எண்ணுபவர்கள் இத்தகைய கப்பல்களை ஒரு வரியில் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள். அது அநீதி என்று நான் கருதுகிறேன்.

1966-இல் போலந்தில் கட்டப்பட்ட இரு சிறிய கப்பல்கள் வந்தன: கரியால், குல்தார். நீண்ட மூக்குள்ள முதலை ஒன்று, சிறுத்தை மற்றொன்று. பின்னர் கோர்பட், கேசரி, சார்தூல், சரப் என்று நான்கு சேர்ந்தன. கோர்பட் என்பது நம் உடும்பு. கரையைப் பற்றவேண்டிய கலத்துக்கு உடும்பின் பெயர் எவ்வளவு பொருத்தம்! சரப் என்பதோ, நரசிம்மத்தின் உக்கிரத்தைத் தணிக்கச் சிவபெருமான் எடுத்ததாகப் புராணம் கூறும் சரபம். தரையிறக்கு கப்பல்களின் பட்டியலைப் படிக்கும்போதெல்லாம் உற்சவகாலத்து வாகன மண்டபத்துக்குள் நுழைந்தாற்போன்ற உணர்ச்சியே எனக்கு உண்டாகிறது.

1971 டிசம்பர் யுத்தத்தில் மகர், கரியால், குல்தார் மூன்றும் கீழைக் கடற்படையோடு இருந்தன. கிழக்கு வங்கத்திலிருந்து பகைப்படையினர் பர்மாவுக்குத் தப்பிச் செல்லாதபடி காக்ஸ் பஜாருக்குத் தெற்கே வழியை மறிப்பதென்று முடிவாயிற்று. கல்கத்தாவிலிருந்து விஸ்வ விஜயா என்ற வணிகக் கப்பலில் கூர்க்காப் படையினரும் பிறரும் புறப்பட்டு, நடுக்கடலில் கரியாலுக்கும் குல்தாருக்கும் மாற்றி ஏற்றப்பட்டார்கள். அவசரத்தில் கரையின் தன்மையை முன்கூட்டி ஆராய அவகாசம் கிட்டவில்லை. இரு கப்பல்களில் ஒன்று கரையை நோக்கிச் சென்று, தட்டி நின்றது. கரை வந்துவிட்டது என்று தோன்றிற்று. ஆனால் அது தட்டிய இடம் கரையல்ல, நீருக்கடியில் கிடந்த மணல்திட்டு. அதற்கப்பால், கரைக்கு முன்னே, ஆளை மூழ்கடிக்கும் பள்ளம். முதுகில் மூட்டையும் கையில் துப்பாக்கியுமாக இறங்கிய மலைநாட்டு வீரர்கள் அந்தப் பள்ளத்தில் கால் வைத்தார்கள். இருவர் மூழ்கி இறந்தனர். பின்னர் வேறிடம் பார்த்தும், உள்ளூர்ப் படகுகளின் உதவியாலும் எஞ்சியவர்கள் கரை சேர்ந்தபோது, காக்ஸ் பஜார் ஏற்கெனவே வங்க விடுதலைப் போராளிகளான முக்தி வாகினியின் கையில் இருந்தது, யுத்தமும் முடிந்துகொண்டிருந்தது.

மோரிப்பில் சேறு, காக்ஸ் பஜாரில் பள்ளம். இருபத்தாறு வருஷ இடைவெளியில் நடந்த இந்த இரண்டு சம்பவங்களும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன. எஞ்சினின் சக்தி, கதவின் உறுதி, தலைவனின் துணிவு ஆகிய அத்தனையும் சரியாக இருந்தாலும், காலடியில் கிடக்கும் மணலை முன்கூட்டியே ஒருவன் இறங்கி அளந்து பார்த்திராவிட்டால் அவ்வளவும் வியர்த்தம். எந்தச் செம்படவனைக் கேட்டிருந்தாலும் தன் ஊர்க் கரையில் எங்கே திட்டு, எங்கே மடு என்று சொல்லியிருப்பான். அந்த அறிவைப் படைத்தலைவர்கள் எழுதப்பட்ட சாஸ்திரத்துக்குச் சமமாக மதித்திருக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

பழைய மகருக்குப் பின் அதன் பெயரை, கல்கத்தாவின் கார்டன் ரீச் தளத்தில் நம்மவர்களே கட்டிய புதிய கப்பல் ஏற்றது. 1987 ஜூலை 18-ஆம் தேதி சேவையில் சேர்ந்த அது, 120 மீட்டர் நீளம். 15 டாங்கிகளையும் 500 வீரர்களையும் ஏற்கும். 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலைக்குப் பின் 1,300-க்கு மேற்பட்டோரை இக்கப்பல் மீட்டது. கார் நிகோபாரிலும், பெரிய நிகோபாரின் காம்ப்பெல் பேயிலும் மேடைகளே அடித்துச் செல்லப்பட்டிருந்த அந்த நாட்களில், மேடையில்லாமல் கரையை அணுகும் கலங்களின் அருமையை நாடு உணர்ந்தது. பெரிய நிகோபாரில் 1969 முதல் குடியேற்றப்பட்ட முன்னாள் இராணுவத்தினரில் தமிழர்களும் உண்டு. மறுபடி 2020-இல், கொரோனாத் தொற்றால் விமானங்கள் நின்றுபோயிருந்தபோது, மாலத்தீவில் சிக்கியிருந்த நம்மவர்களை ஏற்றிக்கொண்டு மகர் கொச்சிக்கு வந்தது. டாங்கிகளுக்காகச் செய்த வயிற்றில், பெட்டி படுக்கையோடு குடும்பங்கள் வந்து இறங்கின. கடைசி ஆண்டுகளில் பயிற்சிக் கப்பலாக இருந்து, 2023 மே 6-ஆம் தேதி கொச்சியில், சூரியன் மறையும் வேளையில், அதன் கொடி இறக்கப்பட்டது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இரண்டாம் உலக யுத்தத்திலோ பின்னரோ கடற்படையில், முக்கியமாகப் பழைய மகரில், சேவை செய்தவர் எவரேனும் உங்கள் குடும்பத்தில் இருந்திருந்தால், அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகமும் படங்களும் இன்னும் டிரங்குப் பெட்டியில் கிடக்கக்கூடும். அவற்றைக் கரையான் தின்னுமுன் வெயிலில் காட்டித் துடைத்து வையுங்கள். பெயர், கப்பல், ஆண்டு மூன்றையும் ஒரு கார்டில் எழுதி இப்பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள். போலந்திலிருந்து வந்த உடும்பையும் சரபத்தையும் பற்றி அடுத்த இதழில் எழுதுகிறேன்.